பல் அடைப்பு எத்தனை வருஷம் தாங்கும்? பழைய வெள்ளி அடைப்பை மாத்தியே ஆகணுமா?

வேலந்தாவளம்_தேவி

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயசு 61. சர்க்கரைக்கு மெட்பார்மின், பிரஷருக்கு அம்லோடிபின். கொழிஞ்சாம்பாறை பக்கம் தோட்டத்து வீடு; சின்ன வயசில் கிணத்துத் தண்ணி, இப்போ போர் தண்ணி. முன்பல்லில் பழுப்புத் திட்டு உண்டு. வெத்தலை பாக்கு தினமும் போடுவார். பல் தேய்க்கறது உமிக்கரியும் உப்பும்.

வாயில் மூணு வகை அடைப்பு இருக்கு. கீழ்க் கடைவாயில் ரெண்டு வெள்ளி அடைப்பு, பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. வலியில்லை, ஓரம் மட்டும் கறுத்திருக்கு. மேலே இடது பக்கம் ரெண்டு பல்லுக்கு நடுவில் வச்ச வெள்ளை அடைப்பு மூணு வருஷத்திலேயே ஓரம் உடைஞ்சு, கீரையும் இறைச்சி நாரும் போய் மாட்டுது. மூணாவது, மேல் முன்கடைவாய்ப் பல்லில் ஈறு ஓரம் குழியாத் தேய்ஞ்சிருக்கு. அங்கே வச்ச சிமெண்ட் திரும்பத் திரும்ப விழுந்துடுது.

பொள்ளாச்சியில் காட்டினப்போ எல்லாத்தையும் எடுத்துட்டு வெள்ளையா வச்சுடலாம்னாங்க. பாலக்காட்டுச் சித்தூர்ல வெள்ளியைத் தொடவே வேண்டாம்னாங்க. யார் சொல்றது சரி? சாதாரணமா ஒரு அடைப்பு எத்தனை வருஷம் வரணும்? தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

ஆனைமலை_பல்மருத்துவர்

வணக்கங்க. அடைப்புக்குக் காலாவதித் தேதி கிடையாது. "பதினஞ்சு வருஷம் ஆச்சு, மாத்திடலாம்" என்பது ஒரு காரணமே இல்லை. மாத்தணும் என்றால் அடியில் சொத்தை இருக்கணும், அடைப்போ பல்லோ உடைஞ்சிருக்கணும், பல் இடுக்கு திறந்து சாப்பாடு மாட்டணும், அல்லது வலி இருக்கணும். இதில் ஒன்றும் இல்லாத அடைப்பை அது பாட்டுக்கு விட்டுடுங்க. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போகும், குழி பெரிசாகும். சின்ன அடைப்பு பெரிய அடைப்பாகி, பிறகு பல்லின் மேட்டு முனை ஒன்று உடைஞ்சு, கேப் வரைக்கும் போவது பெரும்பாலும் இப்படி மாற்றி மாற்றித்தான்.

கணக்குக்கு வருவோம். கடைவாய்ப் பல்லில் வெள்ளை அடைப்பு, அதாவது காம்போசிட், பத்து வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 2.4 சதவீதம் கெட்டுப்போகிறது. நூறு வைத்தால் பத்து வருஷ முடிவில் எண்பதுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இது ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பின்தொடர்ந்த அடைப்புகளின் கணக்கு. அவசர அவசரமாக வைத்தவை இதற்கு முன்பே போகும். வெள்ளி அடைப்பு, அதாவது அமால்கம், பின்பற்களில் இதைவிட நன்றாகவே நிற்கும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வில் காம்போசிட் கெடும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிளாஸ் அயனோமர், நம்ம ஊரில் வெறும் "சிமெண்ட்" என்று சொல்வது, பெரியவர்களின் கடைவாயில் கடிக்கும் பரப்பில் வைத்தால் சீக்கிரம் தேயும், உடையும். அதைத் தற்காலிகம் என்றே நினைச்சுக்கணும்.

ஆனால் எந்தப் பொருள் என்பதைவிடப் பெரிய விஷயம் குழியின் அளவு. பல்லுக்கு ஐந்து பக்கம். மேல்பரப்பில் மட்டும் இருக்கும் அடைப்பும், மேல்பரப்போடு இரண்டு பக்கவாட்டையும் பிடித்த அடைப்பும் ஒன்றல்ல. கூடுதலாக ஒரு பக்கம் சேரச் சேர கெடும் அபாயம் 30 முதல் 40 சதவீதம் ஏறுகிறது. அதனால் "அடைப்பு எத்தனை வருஷம்?" என்று யாராவது கேட்டால் "எத்தனை பக்கம்?" என்பதுதான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. வேர் சிகிச்சை செய்த பல்லாக இருந்து, முனைகள் மெலிந்திருந்தால், அடைப்போடு நிறுத்தாமல் மேலே மூடுவது நல்லது. இல்லாவிட்டால் அடைப்பு நிற்கும், பல் பிளந்துவிடும்.

உங்க அப்பாவின் மூணு வருஷத்தில் உடைந்த அடைப்பு இரண்டு பல்லுக்கு நடுவில் என்கிறீர்கள். அடைக்கும் இடங்களிலேயே அதிகம் சொதப்பும் இடம் அதுதான். காம்போசிட் ஒட்டுவது பசையால். அந்தப் பசைக்கு எச்சில் ஒரு துளி பட்டாலும், ஈறு ஓரத்தில் ரத்தம் கசிந்தாலும் அந்த இடத்தில் ஒட்டாது. வெளியே பார்க்க அடைப்பு பளபளவென்று இருக்கும். கீழே ஓரத்தில் மயிரிழை இடைவெளி. கிருமிக்கு அது போதும். இரண்டு வருஷத்தில் அங்கே சொத்தை தொடங்கி, தாங்கல் இல்லாத ஓரம் உடைந்து விழும். அம்லோடிபின் சாப்பிடுபவர்கள் சிலருக்கு ஈறு வளர்ந்து தடிக்கும். ஈறு வீங்கி ரத்தம் வரும் வாயில் அந்த ஓரத்தை உலர்வாக வைப்பதே பெரும்பாடு. அதனால் முதலில் பல் சுத்தம் செய்து, ஈறு அடங்கிய பிறகு அடைப்பது நல்லது. அவசரமென்றால் தற்காலிகமாக ஒரு சிமெண்ட் வைத்துக்கொள்ளலாம்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் நாற்காலியில் இருக்கும்போதே புரியும். ரப்பர் டாம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டுவார்கள். பல் நடுவே மெல்லிய உலோகப் பட்டை, அதை ஈறு ஓரத்தில் இறுக்கிப் பிடிக்க ஒரு குட்டி மர ஆப்பு, இரண்டு பல்லையும் லேசாக விலக்கும் ஒரு வளையம். பிறகு 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல், எனாமலில், அதாவது பல்லின் வெளி ஓட்டில், 15 முதல் 30 விநாடி; அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கில் 15 விநாடிக்கு மேல் கூடாது. நன்றாகத் தண்ணீரில் கழுவுவது, அதிகமாக வறட்டாமல் காற்றடிப்பது, பசை தடவித் தேய்ப்பது, காற்றில் மெலிதாக்குவது, நீல விளக்கு. அதன் பிறகுதான் காம்போசிட், 2 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக. ஒவ்வொரு அடுக்குக்கும் 20 விநாடி விளக்கு. பல்க்-பில் வகை என்றால் 4 மி.மீ. வரை ஒரே அடுக்கு வைக்கலாம்.

அடுக்கு ஏன் என்றால், விளக்கு பட்டதும் காம்போசிட் கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாக அமுக்கினால் சுருங்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்கும், அடியில் இறுகாமலும் நிற்கும். பல் இடுக்குக் குழியின் அடித்தளம் விளக்கு நுனியிலிருந்து 5, 6 மி.மீ. தள்ளி இருப்பதால் முதல் அடுக்குக்கு 40 விநாடி கொடுப்பது நியாயம். விளக்கு பழசாகி வலு குறைந்திருந்தாலும், நுனியில் பழைய பிசின் ஒட்டியிருந்தாலும் மேலே கல் மாதிரி இருக்கும், அடியில் மெத்தென்று இருக்கும். நோயாளி கண்ணுக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் கவலை.

முடிந்ததும் பல்நூல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. "டக்" என்று இறுகி இறங்கணும், கிழியாமல் வெளியே வரணும். வழுக்கிக்கொண்டு போனால் இடைவெளி இருக்கிறது, அன்றைக்கே திருத்தணும். வீட்டுக்குப் போய்ப் பழகிவிடும் என்று விடக்கூடாது. கடி பார்க்கும் நீலத் தாளில் ஒரு புள்ளி மட்டும் அழுத்தமாக விழுந்தாலும் அதே கதைதான்.

வெள்ளி அடைப்பு ஓரம் கறுப்பதைப் பொறுத்தவரை: அமால்கம் மெல்ல அரித்து வரும் உப்பு ஓரத்து இடைவெளியை அடைக்கிறது. அந்த அடைப்புகள் நீண்ட நாள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கறுப்பு என்பது சொத்தை ஆகாது. கருவி நுனி ஓரத்தில் மாட்டினது என்பதும் போதாது. பைட்விங் எக்ஸ்ரே, அதாவது மேல் கீழ் கடைவாய்ப் பற்களைக் கடித்தபடி எடுக்கும் சின்னப் படம், எடுத்து அடியிலும் பக்கத்திலும் சொத்தை நிழல் இல்லை, முனைகளில் விரிசல் இல்லை என்றால் சித்தூர்க்காரர் சொன்னதே சரி.

நல்லேப்பிள்ளி_டென்டல்

டாக்டர் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. ஈறு ஓரக் குழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தப் பக்கத்து வாய்களில் தினமும் பார்ப்பது அது. அதை "சிமெண்ட் நிக்கலை" என்று சொல்லிச் சொல்லியே திரும்ப வைக்கிறோம்.

அந்தக் குழி சொத்தையால் வந்ததல்ல, தேய்மானத்தால் வந்தது. உமிக்கரி நெல் உமியின் சாம்பல். அதில் நிறைய சிலிக்கா. உப்புப் பரல் வேறு. விரலால் குறுக்கே இழுத்துத் தேய்க்கும்போது எனாமல் தாங்கும், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி தாங்காது. முன்கடைவாய்ப் பல் வளைவில் வெளியே துருத்தி நிற்பதால் முதல் அடி அதற்கே. பாக்கைக் கடித்து மெல்லும் பலம் பல்லின் அதே கழுத்தில் வளைவு அழுத்தமாக வந்து சேருவதும் ஒரு காரணமாக இருக்கலாம். விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் தெரியும்: குழியின் எனாமல் பக்க விளிம்பு கூர்மையாக, உட்பரப்பு கண்ணாடி போல் வழவழவென்று மஞ்சளாக இருக்கும்.

அந்த வழவழப்பில்தான் சிக்கல். வருஷக்கணக்கில் தேய்ந்த டென்டினின் நுண்குழாய்கள் தாதுவால் அடைபட்டுக் கெட்டித்துவிடும். அமிலம் உள்ளே இறங்காது, பசைக்குப் பிடி கிடைக்காது. போதாக்குறைக்கு மறுபக்க விளிம்பு ஈறுக்குள், எப்போதும் ஈரம். அப்படியே பஞ்சால் துடைத்துவிட்டு சிமெண்டை அப்பினால் ஒரு திருவிழா தாண்டாது.

செய்ய வேண்டியது இது. ஈறை ஒரு நூல் வைத்து விலக்கி உலர்த்த வேண்டும். கெட்டித்த மேல்படலத்தை பர் என்ற மெல்லிய சுழல் கருவி நுனி கொண்டு லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும். எனாமல் பக்க விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும். கிளாஸ் அயனோமர் என்றால் முதலில் பாலிஅக்ரிலிக் அமில கண்டிஷனரை 10 முதல் 20 விநாடி தடவிக் கழுவ வேண்டும். நிறைய இடங்களில் விட்டுவிடும் படி இதுதான். பொடியும் நீரும் கலக்கும் விகிதம் அளவுக் கரண்டிப்படி இருக்க வேண்டும். தண்ணியாகக் கலந்தால் வைக்க வசதி, ஆனால் பலம் இல்லை. கலந்த மாவின் பளபளப்பு போவதற்குள் குழியில் வைத்துவிட வேண்டும்; பளபளப்பு போனபின் வைத்தால் பல்லோடு சேராது. வைத்ததும் வார்னிஷோ வாஸ்லினோ பூசாவிட்டால் எச்சில் பட்டு மேற்பரப்பு சுண்ணாம்பாகிவிடும். இந்த இடத்துக்கு விளக்கில் இறுகும் ரெசின் (பிசின்) கலந்த கிளாஸ் அயனோமர் வகை சாதாரண சிமெண்டைவிட நம்பகமானது.

அப்படி வைத்தாலும், மறுநாள் காலையில் அதே உமிக்கரி என்றால் பயனில்லை. மென்மையான நார் பிரஷ், பென்சில் பிடிப்பதுபோல் பிடித்து. குழி ஆழமில்லை, கூச்சமில்லை என்றால் அடைக்காமல் விட்டாலும் பாதகமில்லை. தேய்மானத்தை நிறுத்தினாலே அது அப்படியே நிற்கும்.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது தெரிந்த செய்தி. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை. அப்பாவின் பழுப்புத் திட்டு, பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரால் வந்திருக்கும். அத்தகைய எனாமலின் மேல்படலம் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது. வழக்கமான 15 விநாடியில் சாக்பீஸ் மாதிரி வெளுப்பு வராவிட்டால், மேல்படலத்தைப் பரால் லேசாக எடுத்துவிட்டு அமில நேரத்தைக் கூட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் பசை தடவினால் அடைப்பின் ஓரம் பழுப்பேறி உரியும். இப்போது குடிக்கும் தண்ணீர் அவர் பல்லை மாற்றப் போவதில்லை. ஆனால் வீட்டில் எட்டு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் போர் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

வேலந்தாவளம்_தேவி

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இன்னும் மூணு சந்தேகம். சர்க்கரை இருக்கறவங்களுக்கு அடைப்பு சீக்கிரம் போகுமா? உடைஞ்ச வெள்ளை அடைப்பை முழுசா எடுக்கணுமா, ஒட்டுப் போடலாமா? வெள்ளியில பாதரசம் இருக்கே, அது உடம்புக்குக் கெடுதல்னு பக்கத்து வீட்ல பயமுறுத்தறாங்க.

மீனாட்சிபுரம்_ஹைஜீனிஸ்ட்

சர்க்கரை அடைப்பை நேரடியாகத் தின்பதில்லைங்க தேவி. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை எச்சிலைக் குறைக்கும், ஈறைக் கெடுக்கும். அந்த இரண்டும் அடைப்பைக் கெடுக்கும். சொத்தை வாகு அதிகமுள்ள வாயில் அடைப்பு கெடும் வேகம், மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதே டாக்டர், அதே பொருள் என்றாலும் வாய் வேறாக இருந்தால் வருஷம் வேறாகும்.

அப்பாவுக்கு வாய் வறள்கிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் இல்லாமல் முறுக்கோ பிஸ்கட்டோ விழுங்க முடியவில்லை, ராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்றால் வறட்சி உண்டு. பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் வகை சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், தானாக நிறுத்தக்கூடாது.

எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு சுமார் பிஹெச் 5.5 (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). ஈறு இறங்கித் தெரியும் வேர் அதற்கும் முன்பே, 6.2, 6.5 அளவிலேயே கரையும். இனிப்பு வாயில் போனதும் பிஹெச் சரிந்து, மறுபடி மேலே வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எச்சில் குறைந்தால் இன்னும் நேரமாகும். அதனால் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. சர்க்கரை நோயாளி வீட்டில் டீ சீனியில்லாமல்தான் இருக்கும், ஆனால் கூடவே வரும் ரஸ்க், நேந்திரங்காய் சிப்ஸ், வர்க்கி எல்லாம் மாவுதானே. அடைப்பு ஓரத்தில் அப்பிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிட்டால் பல்லுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் ராத்திரியும். இந்தியாவில் கடையில் கிடைப்பது 1000 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்கு ஃப்ளோரைடு. தேய்த்தபின் நுரையைத் துப்புங்க, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். "தண்ணியிலேயே ஃப்ளோரைடு இருக்கே, பேஸ்ட்டில் எதுக்கு?" என்று இந்தப் பக்கம் எல்லோரும் கேட்பாங்க. துப்பிவிடும் பேஸ்ட் பல்லின் மேல்பரப்பில் வேலை செய்யும். பெரியவருக்கு அதில் பயம் வேண்டாம். சின்னக் குழந்தைக்கு மட்டும் அரிசி அளவு வைத்து, விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா மாதிரி சொத்தை வாகு உள்ளவர்களுக்கு மூணு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவது நல்ல பாதுகாப்பு. ஐந்து நிமிஷ வேலை.

பிரஷ் பல் இடுக்கில் நுழையாது. அந்த மேல் இடது இடுக்குக்கு, குட்டி பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும் இடுக்கு பிரஷ் வாங்குங்க. உள்ளே போகும்போது லேசாக உரசணும்; முக்கித் தள்ள வேண்டிய அளவு பெரிசாக இருக்கக்கூடாது. குச்சியோ ஊக்கோ வைத்துக் குத்துவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்க.

பாக்கு பற்றி அடைப்புக்காக மட்டும் சொல்லவில்லை. கொட்டைப்பாக்கு அடைப்பின் ஓரத்தை நொறுக்கும், எதிர்ப்பல்லைத் தேய்க்கும், அது ஒரு பக்கம். புகையிலை சேர்க்காத பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து இறுகினாலோ, வாய் திறப்பு குறைந்தாலோ அடைப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்க. மூணு விரலைச் செங்குத்தாக வைத்தால் முன்பற்களுக்கு நடுவே நுழைய வேண்டும்.

ஆனைமலை_பல்மருத்துவர்

மீதி இரண்டுக்கும் பதில். ஒட்டுப் போடலாங்க, பல நேரம் அதுதான் நல்லது. உடைந்த இடம் சின்னதாக, மீதி அடைப்பு உறுதியாக, அடியில் சொத்தை இல்லாமல் இருந்தால் உடைந்த பகுதியை மட்டும் சீவி, பழைய காம்போசிட்டின் மேற்பரப்பை 50 மைக்ரான் அலுமினாத் தூளாலோ வைரப் பராலோ சொரசொரப்பாக்கி, அமிலம், பழசையும் புதுசையும் இணைக்கும் சிலேன் திரவம், பசை என்று வரிசையாகச் செய்து புதுக் காம்போசிட் சேர்க்கலாம். வெறும் பசை தடவி அப்பினால் பழசும் புதுசும் பிரிந்துவிடும். ஆனால் அப்பாவுக்கு உணவு மாட்டுகிறது, உடைந்தது பல் இடுக்கில். அங்கே எக்ஸ்ரேயில் அடியில் நிழல் தெரிந்தால் முழுசாக எடுத்தே ஆகணும். கீழ் விளிம்பு ஈறுக்குள் எனாமலே இல்லாத இடம் வரை போயிருந்தால், அடித்தளத்தில் ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் வைத்து, மேலே காம்போசிட் போடும் முறையைக் கேளுங்க. ஒரு முனையின் கனம் 2 மி.மீ. கூட இல்லையென்றால் அந்த முனையையும் சேர்த்து மூடுவதே நல்லது.

பாதரசம் பற்றி: அமால்கம் எடையில் சுமார் பாதி பாதரசம்தான், ஆனால் வெள்ளி, தகரம், செம்போடு சேர்ந்து இறுகிய நிலையில். அடைப்பிலிருந்து வரும் ஆவி மிகக் குறைவு. அதிகம் வருவது வைக்கும்போதும் தோண்டி எடுக்கும்போதும். பாதரசத்துக்குப் பயந்து நல்ல அடைப்பைத் தோண்டினால், தவிர்க்க நினைத்ததையே கூட்டிக்கொள்வதாகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் சொன்னதும் இதுதான்: நல்ல நிலையில் உள்ள அமால்கத்தை மருத்துவக் காரணமில்லாமல் எடுக்க வேண்டாம். புதிதாக வைப்பது வேறு விஷயம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-ல் 15 வயதுக்குக் கீழ் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு அதைத் தவிர்க்க முடிவு செய்தன. உலகம் அமால்கத்தைக் கைவிடும் திசையில் போவதற்கு முக்கியக் காரணம் சாக்கடையிலும் மண்ணிலும் சேரும் பாதரசம். என்றாவது எடுக்க நேர்ந்தால் ரப்பர் டாம், நிறையத் தண்ணீர், வலுவான உறிஞ்சி, பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுப்பது, இவற்றைக் கேட்டு வாங்குங்க.

அடைத்த பிறகு என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காம்போசிட் என்றால் மரப்பு போனதும் மெல்லலாம். அமால்கத்துக்கும் சிமெண்டுக்கும் அந்தப் பக்கம் 24 மணி நேரம் கடினமானது வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு நொடி கூசி அடங்குவது இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். கடித்துவிட்டு விடும் நொடியில் சுரீர் என்றால் விரிசலோ அடியில் இடைவெளியோ சந்தேகம். சூடு பட்ட பிறகும் வலி அடங்காமல் நீடித்தாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுப்பினாலோ நரம்பு பாதித்திருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது.

வரிசையாகச் சொன்னால்: முதலில் பைட்விங் எக்ஸ்ரேயும் பல் சுத்தமும், இரண்டு மூன்று வாரம் ஈறு அடங்கினதும் மேல் இடது இடுக்கு, உமிக்கரி நின்ற பிறகு ஈறு ஓரக் குழி. வெள்ளி அடைப்பு இரண்டையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.